ஆந்தைக் காசு எத்தனை?

பூவா, தலையா? கிரிக்கெட் ஆடும் முன் நாணயத்தைச் சுண்டிவிட்டு இப்படிக் கேட்காதவர்கள் யார்? கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் 2,500 ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால், "ஆந்தையா, தலையா?" என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் குட்டீஸ்! அந்த ஊர் வெள்ளிக்காசின் ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை. மறுபக்கம் முட்டைக் கண்களை உருட்டிக்கொண்டு ஓர் ஆந்தை. அதன் அருகே ஆலிவ் மரத்தின் சிறு கிளை. 17 கிராமுக்குச் சற்று அதிகமான எடை. மதிப்பு 4 டிராக்மா.

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே லாரியம் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. குறுகலான சுரங்க வழிகளில் ஊர்ந்துபோய் வெள்ளித் தாதுவை வெட்டி எடுத்தவர்கள் அடிமைகள். கி.மு. 483 வாக்கில் அங்கே ஏராளமாக வெள்ளி கிடைத்தது. "எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம்" என்றார்கள் ஊர் மக்கள். "வேண்டாம், போர்க்கப்பல் கட்டுவோம்" என்றார் தெமிஸ்டோக்கிளிஸ் என்ற தலைவர். கி.மு. 480-ல் பெரும் பாரசீகக் கடற்படையை சாலமிஸ் போரில் தோற்கடித்தவை அந்தக் கப்பல்கள்தான்.

ஒரு நகரத்திடம் எவ்வளவு பணம் இருந்தது என்று தெரிந்தால், அதனால் எத்தனை கப்பல்களை ஓட்டியிருக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும். ஆனால், எத்தனை காசு அடித்தோம் என்று பெரும்பாலான நகரங்கள் எழுதி வைத்த கணக்கு நம்மிடம் இல்லை. காசுகளில் பெரும்பகுதியும் உருக்கப்பட்டுவிட்டது. பிறகு எப்படி எண்ணுவது?

கொழுக்கட்டை சொல்லும் துப்பு

வீட்டில் கொழுக்கட்டை அச்சு இருக்கிறதா? அதில் ஒரு கீறல் விழுந்திருந்தால், அதில் செய்த எல்லாக் கொழுக்கட்டையிலும் ஒரே இடத்தில் ஒரு கோடு இருக்கும். எதிர்வீட்டுக் கொழுக்கட்டையோடு கலந்து வைத்தாலும் நம் வீட்டுடையதைக் கண்டுபிடித்துவிடலாம், இல்லையா?

கிரேக்கர்கள் காசு செய்ததும் இரண்டு அச்சுகளால்தான். தலை உருவம் குடைந்த கீழச்சைப் பட்டறைக்கல்லில் பதித்து வைப்பார்கள். சூடாக்கிய வெள்ளி வில்லையை அதன் மேல் வைப்பார்கள். ஆந்தை குடைந்த மேலச்சை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு! காசு தயார். அடியை நேராக வாங்குவது மேலச்சு என்பதால் அதுதான் சீக்கிரம் தேயும், உடையும். கீழச்சு அதைவிட நீண்ட நாள் உழைக்கும்.

அச்சுகளைக் கையால்தான் செதுக்கினார்கள். அதனால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் அதீனாவின் மூக்கு சற்று நீளம். இன்னொன்றில் காதணி ஒரு மயிரிழை கீழே. ஆய்வாளர்கள் காசுகளின் படங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக, "இதுவும் அதுவும் ஒரே அச்சு" என்று பிரிக்கிறார்கள். கண் வலிக்கும் வேலை! விரிசல் மெல்ல மெல்லப் பெரிதாவதை வைத்து, எந்தக் காசு முதலில் அடித்தது, எது பிறகு அடித்தது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள்.

காணாத அச்சுகள்

கிடைத்த காசுகளில் 50 அச்சுகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அகப்படாத அச்சுகள் எத்தனையோ? இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது.

சூயிங்கத்தோடு கிரிக்கெட் வீரர் படம் தருகிறார்கள். 20 பாக்கெட் வாங்கினீர்கள். ஐந்தே வீரர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றால், மொத்தமே அவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவீர்கள். மாறாக, 20 பாக்கெட்டில் 18 வீரர்கள் வந்தால்? இன்னும் நிறையப் பேர் பாக்கி என்று அர்த்தம். அச்சுக்கும் இதே யோசனைதான். 100 காசுகளில், ஒரே ஒரு முறை மட்டும் தலைகாட்டிய அச்சுகள் 20 என்றால், அந்நாளில் அடித்த காசுகளில் சுமார் நூற்றுக்கு 20 நாம் பார்க்காத அச்சுகளில் அடித்தவை. இந்தக் கணக்கு ஜாக் குட் 1953-ல் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைத்த ஆலன் டூரிங்கின் உதவியாளர் அவர். மூல யோசனை டூரிங்குடையது. போர் ரகசியத்துக்கு உதவிய மூளை, பழங்காசுக்கும் உதவுகிறது!

ஓர் அச்சில் எத்தனை?

அச்சுகளின் எண்ணிக்கை தெரிந்தாயிற்று. ஒவ்வோர் அச்சும் எத்தனை காசு தந்தது? இதுதான் சிக்கலான கேள்வி. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் செல்வுட் தாமே அச்சு செய்து, சம்மட்டியால் அடித்துப் பார்த்தார். ஒரு கீழச்சு 10,000 முதல் 16,000 காசுகள் வரை தாங்கும் என்று 1963-ல் எழுதினார்.

இன்னொரு துப்பு டெல்ஃபி என்ற கோயில் நகரில் கல்லிலேயே இருந்தது. கி.மு. 336 வாக்கில் அங்கே பழைய காசுகளை உருக்கிப் புதுக்காசு அடித்தார்கள். அந்த வெள்ளிக் கணக்கைக் கல்வெட்டாகவும் வெட்டி வைத்தார்கள். அந்த வெள்ளியை, அச்சுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார் பிலிப் கின்ஸ் என்ற ஆய்வாளர். 1983-ல் அவர் சொன்ன விடை: ஒரு கீழச்சுக்கு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 வரை!

பேச்சுக்கு 20,000 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். 20 கீழச்சுகள் என்றால் 4 லட்சம் காசு. எல்லாம் 4 டிராக்மா காசு என்றால் 16 லட்சம் டிராக்மா. அதற்கு ஏறக்குறைய 6,800 கிலோ வெள்ளி வேண்டும். ஒரு போர்க்கப்பலில் 200 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா சம்பளம் என்றால், ஒரு கப்பலுக்கு மாதம் 6,000 டிராக்மா. அப்படியானால் 266 கப்பல்களுக்கு ஒரு மாதச் சம்பளம் போடலாம்!

"இப்படியெல்லாம் பெருக்குவது தப்பு" என்றார் டெட் பட்ரி என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஓர் அச்சு முதல் நாளே உடைந்திருக்கலாம். இன்னொன்று மாதக் கணக்கில் உழைத்திருக்கலாம். பாதி தேய்ந்த நிலையிலேயே ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கலாம். 1990-களில் அவர் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இப்போது கவனமான ஆய்வாளர்கள் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், "இதிலிருந்து இதுவரை" என்று சொல்கிறார்கள். அச்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நகரத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் இவ்வளவு சண்டை இல்லை.

புதையல்கள் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1984-ல் துருக்கியின் எல்மாலி அருகே சுமார் 1,900 வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. மிக அரிதான 10 டிராக்மா ஆந்தைக் காசுகளும் அதில் உண்டு. ஆனால், யாரும் படம் எடுத்து, அச்சு பிரித்து எழுதும் முன்பே கடத்தல்காரர்கள் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீண்ட வழக்குக்குப் பின் 1999-ல், 1,600-க்கும் மேற்பட்ட காசுகள் துருக்கிக்குத் திரும்பி வந்தன. மீதி எங்கெங்கோ சிதறிவிட்டன.