மழையில் மிதிவண்டி நிற்பது எங்ஙனம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழையில்லாத திங்கள் இல்லை. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. சுங்கை வேயை ஒட்டிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தனிப்பாதையிலும், முன்னாளில் ரப்பர்த் தோட்டமாக இருந்த புக்கிட் கியாராவின் மலைத்தடங்களிலும் செல்லும் மிதிவண்டிக்காரர் அறிந்த இடர் ஒன்றுண்டு. பிரேக்கை இறுகப் பிடித்தும் வண்டி நிற்பதில்லை. இதற்குக் காரணம் யாது?

பிரேக்கு என்பது உராய்வினால் இயங்குவது. ரப்பர்க் கட்டை ரிம்மை அழுத்துகையில் சக்கரத்தின் இயக்கம் வெப்பமாக மாறுகிறது. இடையே நீர்ப்படலம் புகுந்தால் அது எண்ணெய் போல வழுக்கிவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1971இல் இது ஆராயப்பட்டது. குரோமியம் பூசிய எஃகு ரிம்மில், நனைந்த கட்டையின் உராய்வு உலர்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்தது. சக்கரம் ஏறத்தாழ 30 சுற்றுச் சுற்றிய பின்னரே பிடிப்பு மீளத் தொடங்கியது. முழுப் பிடிப்பு வர மேலும் 20 சுற்று வேண்டியிருந்தது. ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் எனக் கொண்டால், முதல் 30 சுற்றே 60 மீட்டர் ஆகும். பிரேக்கின் விசை பத்தில் ஒன்றானால், 3 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 30 மீட்டரில் நிற்கும்.

அலுமினிய ரிம் எஃகினும் மேலானது. அதனினும் சிறந்தது, மலைவண்டிகளில் இன்று பரவியுள்ள டிஸ்க் பிரேக்கு. அதன் தகடு சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கும் நீருக்கும் எட்டத்தில் உள்ளது. தகடு சிறிதாகையால் கட்டை அதனைப் பெருவிசையுடன் அழுத்த வேண்டும்; அவ்வழுத்தமே நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. தகட்டின் துளைகளும் நீர் வடிய உதவுகின்றன. பிசின் கலந்த கட்டை சேற்றில் விரைவில் தேயும்; உலோகத் தூளை வெப்பத்தில் இறுக்கிச் செய்த கட்டை நெடுநாள் உழைக்கும். ஆயினும், தகடு அதற்கு ஏற்றதா எனப் பார்த்தே மாற்றுதல் வேண்டும். சங்கிலிக்கு விடும் எண்ணெய் தகட்டிற் படின், எவ்வகைக் கட்டையும் பயன்படாது.

பிரேக்கு நன்றாயினும், வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பே. ஈரச் செம்மண்ணும், மர வேரும், சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் அப்பிடிப்பைக் குறைப்பன. அவற்றின்மேல் முன்சக்கரம் உருளாது பூட்டிக்கொண்டால், கைப்பிடி திருப்பிய வழியில் வண்டி செல்லாது, ஓட்டுபவர் விழுவார். உலர்ந்த சாலையில் முன் பிரேக்கே பெரும்பங்கு ஏற்பது. வழுக்கும் தரையில் பின் பிரேக்கின் பங்கைக் கூட்டி, இரண்டையும் மெல்ல மெல்ல அழுத்துதலே தக்கது.

ரிம் பிரேக்கு உடையோர், நிற்க வேண்டிய இடத்திற்கு முன்னதாகவே இலேசாகப் பிடித்து நீரைத் துடைத்துக்கொள்வது நலம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் கணக்கு ஒன்றுண்டு. வேகத்தைப் பாதியாக்கினால், நிற்கும் தூரம் நான்கில் ஒன்றாகும். புதிய கட்டை வாங்க இயலாதவருக்கும் இக்காப்பு உண்டு.