காட்டிக்கொடுக்கப்பட்ட இரவும் திருவிருந்தும்

சேலம் சமவெளியின் மேற்கே சங்ககிரி மலைக்கோட்டை நிற்கிறது. 1801 முதல் 1804 வரை காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் ஆங்கிலக் கும்பினிப் படையை எதிர்த்த தீரன் சின்னமலை, 1805ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று தம் தம்பியருடன் இங்குத் தூக்கிலிடப்பட்டார். களத்தில் அகப்படாத அவரைச் சமையற்காரன் நல்லப்பன் காட்டிக்கொடுத்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. கேட்போர் நெஞ்சில் தைப்பது பகைவனின் பீரங்கியன்று. அடுக்களையில் நின்றவனின் துரோகமே.

திருமறையும் இவ்வேதனையை அறியும். தன் அப்பத்தைப் புசித்தவனே தன்மேல் குதிகாலைத் தூக்கினான் என்று 41ஆம் சங்கீதக்காரன் புலம்புகிறான். அச்சொல்லையே ஆண்டவர் கடைசி இராப்போசனத்தில் எடுத்தாளுகிறார் (யோவான் 13:18). எனவே, துரோகத்திற்கு ஆளான விசுவாசி ஆயரிடம் வரும்போது, "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று அவசரப்பட்டுக் கூறுதல் தகாது. 55ஆம் சங்கீதம் பாரத்தைக் கர்த்தர்மேல் வைக்கச் சொல்லுமுன், அந்தப் பாரம் இன்னதென்று வாய்விட்டுக் கதறுகிறது. புலம்பலும் ஜெபமே.

அடுத்து, ஒரு சொல்லை ஆராய்வோம். யூதாசின் செயலைக் குறிக்கும் "பராடிடோமி" என்னும் கிரேக்க வினையே, பிதா தம் குமாரனை நமக்காக ஒப்புக்கொடுத்ததையும் (ரோமர் 8:32), குமாரன் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்ததையும் (கலாத்தியர் 2:20) குறிக்கிறது. 1 கொரிந்தியர் 11:23இல் பவுல் திருவிருந்தின் மரபைச் சபைக்கு ஒப்புவித்ததும், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்டதும் ஒரே வசனத்தில் இவ்வினையாலேயே கூறப்படுகின்றன. இதனால் யூதாசின் குற்றம் குறைந்துவிடவில்லை. எனினும், மனிதன் பணத்திற்காகக் கையளித்தவரை, தேவன் அன்பினால் உலகிற்குக் கையளித்தார். துரோகம் கதையின் முடிவாகிவிடவில்லை.

மூன்றாவதாக, மன்னிப்பும் மீண்டும் நம்புதலும் ஒன்றல்ல. யோசேப்பு தன் சகோதரரைக் கண்டவுடன் தன்னை வெளிப்படுத்தவில்லை. பென்யமீனுக்குப் பதிலாக அடிமையாயிருக்க யூதா முன்வந்த பின்னரே அவன் அழுது தன்னை அறிவித்தான் (ஆதியாகமம் 44–45). பவுலும், தன்னைக் கைவிட்டோர்மேல் அக்குற்றம் சுமராதிருக்க வேண்டுகிறார். அதே பகுதியில், தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:14–16). முன்பு பம்பிலியாவில் விட்டுப் பிரிந்த மாற்குவையோ அழைத்துவரச் சொல்லுகிறார். மன்னிப்பை உடனே அளிக்கலாம். நம்பிக்கை மனந்திரும்புதலின் கனியைக் கண்டே வளரும்.

நம் பகுதியில் இது ஏட்டளவிலான கேள்வியன்று. லாரித் தொழிலும், போர்வெல் தொழிலும், ஏலச்சீட்டும் பெரும்பாலும் வாய்ச்சொல்லின்மேலும் ஜாமீன் கையெழுத்தின்மேலும் நடைபெறுகின்றன. பங்காளி ஏமாற்றினால் ஒரு குடும்பம் வீட்டையே இழக்கக்கூடும். அந்நிலையில் விசுவாசி வழக்குத் தொடுக்கலாமா? அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று பவுல் கேட்பது மெய்யே (1 கொரிந்தியர் 6:7). ஆனால் அதற்கு இரு வசனங்களுக்கு முன்பாக, சகோதரருக்குள் நியாயந்தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது சபையில் இல்லையா என்று சபையையே அவர் வெட்கப்படுத்துகிறார். சபை தன் கடமையைச் செய்யாமல், நொந்தவனிடம் மட்டும் பொறுமையைக் கேட்பது நீதியன்று. மேலும், தன் நட்டத்தைப் பொறுத்துக்கொள்வது ஒருவனுடைய ஈகை. பிறருடைய சேமிப்பு பறிபோனதைப் பொறுத்துக்கொள்ளும்படி அவன் அவர்களுக்குக் கட்டளையிட முடியாது. பழிவாங்காமல் நியாயம் தேடுவதும் விசுவாசத்தின் வழியே.

இறுதியாக, ஒவ்வொரு திருவிருந்திலும் ஆயர் "காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" என்றே தொடங்குகிறார். அந்த இரவில் ஆண்டவர் பந்தியைக் கலைத்துவிடவில்லை. யூதாசின் கால்களையும் கழுவினார். மறுதலிக்கப்போகும் பேதுருவுக்காக முன்னரே வேண்டிக்கொண்டார். சீஷர் அனைவரும், "நானோ, ஆண்டவரே?" என்று கேட்டனர். அப்பந்தியில் அமரும் நாமும், துரோகத்திற்கு ஆளானவர்களாக மட்டும் அங்கு வருவதில்லை. காயம்பட்டவனை அருகே அமர்த்துமுன், அக்கேள்வியை முதலாவது ஆயரே தம்மிடம் கேட்டுக்கொள்வாராக.