புகையிலைச் சாற்றுக்குள் இறங்குவது என்ன?

அரை கிலோ புகையிலையை நாலரை லிட்டர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் வடிகட்டி, 120 கிராம் பார் சோப்பைச் சீவிக் கரைத்துச் சேர்க்க வேண்டும். அதை ஆறேழு மடங்கு தண்ணீரில் கலந்து தெளித்தால் அசுவினி சுருண்டு விழும். நம் விவசாயிகள் நெடுங்காலமாகப் போட்டுவரும் கஷாயம் இது. வேளாண் கையேடுகளிலும் இதே அளவுதான் இருக்கும்.

தண்ணீருக்குப் பதிலாகக் கிளிசரினிலும் புரொப்பிலீன் கிளைக்காலிலும் அதே இலையை ஊறவைத்து, மிதமாகச் சூடேற்றி, வடித்து, இ-சிகரெட்டில் ஊற்றிச் சுவை பார்க்கும் வழக்கம் மேலைநாடுகளில் பரவியிருக்கிறது. செயற்கை வாசனை கலக்காத, இலையிலிருந்தே எடுத்த சாறு என்பதுதான் அதன் கவர்ச்சி. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்த்து, நான்கைந்து பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன். ஆலைக்குள் பற்றவைக்க முடியாது. புகை நாற்றம் இல்லாத கருவி, அதற்கு வீட்டிலேயே காய்ச்சிய ‘இயற்கை’ச் சாறு என்று யாராவது சொன்னால் ஆசை வரத்தான் செய்யும். அந்தச் சாற்றுக்குள் என்னதான் இறங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் நிகோட்டின். இலையில் கிடைத்தாலும் இலையில் உருவாவதில்லை. வேரில் உருவாகித் தண்ணீரோடு மேலேறி வருகிறது. புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டுக் கட்டினால் தக்காளி இலையில் நிகோட்டின் சேர்ந்துவிடும். தக்காளி வேரின்மேல் புகையிலையை ஒட்டினால் புகையிலை இலையிலேயே அது அநேகமாக இருக்காது. 1940-களில் செய்து பார்த்த சோதனை இது.

புழு இலையைக் கடித்ததும் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் அபாயச் செய்தி கிளம்புகிறது. வேர் உற்பத்தியைக் கூட்டுகிறது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை பயிரிடுகிறவர்கள் பூ எடுக்கும் நேரத்தில் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். இலை தடிக்கும், காரமும் ஏறும். புழு கடித்தபோது எழுந்த அதே எச்சரிக்கைதான் விவசாயி கிள்ளும்போதும் எழுகிறது. செடிக்கு இரண்டும் காயமே.

இந்த நஞ்சையும் தின்று வாழும் ஒரு புழு அமெரிக்காவில் உண்டு, புகையிலைக் கொம்புப்புழு. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இயன் பால்ட்வின் குழுவில் ஆய்வு செய்த பவன் குமாரும் சாகர் பண்டித்தும் 2014-ல் அதைப் பற்றி ஒன்றைக் கண்டறிந்தார்கள். தின்ற நிகோட்டினில் சிறு பகுதி புழுவின் இரத்தத்தில் கலந்து, உடலோரத்து மூச்சுத் துளைகள் வழியே வெளியேறுகிறது. வேட்டைக்கு வரும் ஓநாய்ச் சிலந்தி அந்த மூச்சுக் காற்று பட்டதும் விலகிப் போகிறது. நிகோட்டினை இரத்தத்துக்கு அனுப்பும் மரபணுவை அடக்கிவிட்டால் அதே புழு சிலந்திக்கு இரையாகிறது. செடியின் ஆயுதத்தைப் பறித்துத் தனக்குக் கவசமாக்கிக்கொண்ட புழு!

சிலந்தி அஞ்சுவதற்குக் காரணம் நரம்பு. நரம்புகள் தமக்குள் பேசிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. அது உட்கார வேண்டிய இடத்தில் நிகோட்டின் உட்கார்ந்துகொள்கிறது. பூச்சிக்கும் அப்படியே, நமக்கும் அப்படியே. இன்று வயல்களில் தெளிக்கும் இமிடாகுளோபிரிட் இதே இடத்தில் உட்கார்ந்தே வேலை செய்கிறது.

கஷாயத்தில் சோப்பு எதற்கு? இலையில் ஒட்டிப் படரச் செய்வது ஒரு வேலை. இன்னொன்றும் உண்டு. இலைக்குள் நிகோட்டின் மாலிக், சிட்ரிக் அமிலங்களோடு பிணைந்து உப்பாகக் கிடக்கிறது. சோப்பின் காரத்தன்மை அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. அவிழ்ந்த நிகோட்டின் தோலையும் சவ்வையும் எளிதில் ஊடுருவும். வெற்றிலைபாக்கோடு புகையிலை போடுகிறவர்கள் சேர்க்கும் சுண்ணாம்பும் வாய்க்குள் இதையேதான் செய்கிறது. இ-சிகரெட் நிறுவனங்களோ நேரெதிர் திசையில் போயின. பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோட்டினை மறுபடி உப்பாக்கினார்கள். தொண்டையில் காரல் குறைந்தது. இருமல் வராததால் முதல்முறை இழுப்பவரும் நிறைய இழுக்க முடிந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் இ-சிகரெட் வேகமாகப் பரவியதற்கு இந்த வேதியியலும் ஒரு காரணம்.

ஆனால் சுவை பார்ப்பவர்கள் தேடுவது நிகோட்டினை அல்ல, மணத்தை. பச்சைப் புகையிலையில் அந்த மணம் இல்லை. அறுத்த இலை வாடும்போது பச்சையம் சிதைகிறது. உள்ளே மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் தெரிகின்றன. பிறகு அவையும் உடைகின்றன. உடைந்த துண்டுகளில் ஒன்று டமாசினோன். ரோஜா எண்ணெயின் மணத்துக்கும் இதுவே முக்கியக் காரணம். லட்சம் கோடி பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். அதன் பிறகு இலைகளை அடுக்கிப் போர் போடுகிறார்கள். உள்ளே தானாகச் சூடு ஏறுகிறது. அடியிலிருப்பது மேலும் மேலிருப்பது அடியுமாகப் புரட்டி அடுக்கி, வாரக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். காய்ந்த வைக்கோல், உலர்திராட்சை, கருப்பட்டி என்று சுவைஞர்கள் பிரித்துச் சொல்லும் மணங்கள் எழுவது இந்தப் பதப்படுத்தலில்தான்.

அதே போரில் இன்னொன்றும் பிறக்கிறது. நுண்ணுயிர்கள் இலையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது நிகோட்டினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து நைட்ரோசமைன்கள் ஆகிறது. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மணத்தையும் நஞ்சையும் ஒரே பதப்படுத்தல் உண்டாக்குகிறது என்பதுதான் இந்த இலையைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது. கிளிசரினுக்கு அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடத் தெரியாது. மணம், நிகோட்டின், சர்க்கரை, நிறமி, நைட்ரோசமைன் என்று கரைகிற எல்லாம் அதில் இறங்கும். காபி பில்டரிலோ துணியிலோ எத்தனை முறை வடித்தாலும் தூளும் சக்கையும்தான் பிரியும், கரைந்தது கரைந்ததுதான்.

கரைசலைச் சூடாக்கும் கம்பிச் சுருளில் அந்தச் சர்க்கரையும் நிறமியும் கருகி ஒட்டுகின்றன. இலைச் சாறு ஊற்றிய சுருள் சீக்கிரம் கறுத்துப்போவது இதனால். சூடு மிஞ்சினால் கிளிசரினே சிதைந்து அக்ரோலின் ஆகும். வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணை எரித்து இருமலைக் கிளப்பும் அதே பொருள். சமையலறையில் நாம் ஜன்னலைத் திறந்து விரட்டும் ஆவியை இங்கே நுரையீரல் நிறைய இழுக்க வேண்டியிருக்கும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த புகையிலையில் தேமல் வைரஸ் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். உலகில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் அதுதான். ஆகவே கஷாயத்தை வெறுமனே ஊறவைக்காமல் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரிக்குத் தெளிக்காமல் இருப்பது இன்னும் நல்லது. பீடி பிடித்த கையோடு நாற்றைத் தொடவும் வேண்டாம்.

இனி அளவுக்கு வருவோம். இலையில் நிகோட்டின் ரகத்துக்கு ரகம், செடியின் மேல் இலைக்குக் கீழ் இலை என்று மாறும். இரண்டு சதவீதம் என்று வைத்தால்கூட அரை கிலோ இலையில் 10 கிராம் வருகிறது. 60 மில்லிகிராம் உயிரைப் பறிக்கும் என்று பாடநூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ட் மாயர் 2014-ல் பழைய பதிவுகளைத் துருவிப் பார்த்து, அரை கிராமுக்கு மேல் என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தை ஏற்றாலும் பல உயிர்களுக்குப் போதுமான நிகோட்டின் அந்த அரை கிலோவில் இருக்கிறது. அதில் எவ்வளவு உங்கள் குப்பியில் இறங்கியது என்று நிறமோ சுவையோ சொல்லாது. ஆய்வகக் கருவி வேண்டும். வாயால்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பனி நனைந்த இலையை அறுக்கும் தொழிலாளர்களுக்குத் தோல் வழியாகவே நிகோட்டின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் வருகிறது. பகிர்ந்து தங்கும் அறையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குப்பி இருக்கவே கூடாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பதும் விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்காகத்தான் கருவியைத் தேடுகிறேன் என்பவர்கள், விட்டுவிடுவதற்கே உதவி கேட்கலாம். 1800-11-2356 என்பது மத்திய அரசின் புகையிலை கைவிடல் உதவி எண். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.