ஓவியர் வரைந்த அரண்மனை

பெலாஜியோ பலாஜி 1775இல் இத்தாலியின் போலோன்யாவில் பிறந்தவர். ரோமிலும் மிலானிலும் ஓவியராகப் பெயரெடுத்தார். 1832இல் சார்டீனிய மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ அவரைத் தம் தலைநகரான தூரினுக்கு அழைத்தார். அப்போது பலாஜிக்கு வயது 57. அவருடைய மிகப் பெரிய பணிகள் அதற்குப் பிறகுதான் தொடங்கின!

தூரின் அரண்மனையின் முகப்பு இரும்பு வேலி அவர் வடிவமைத்தது. மன்னரின் ரக்கோனீஜி கோட்டையில், பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் பாணியில் ஓர் அறையையே உருவாக்கினார். சுவர் ஓவியம் முதல் நாற்காலிக் கால் வரை எல்லாம் அவர் மனத்தில் உதித்தவை. அந்த மரச்சாமான்களைச் செய்த தச்சுக் கலைஞர் கப்ரியேலே கப்பெல்லோவையும் மறக்கக் கூடாது. அதே வடிவ நாற்காலி 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் இடம்பெற்றது.

பலாஜி பழம்பொருள் சேகரிப்பதிலும் தீராத ஆர்வம் கொண்டவர். 1860இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பு பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. எகிப்திய மன்னர் ஹோரெம்ஹெப், அரியணை ஏறுமுன் தமக்காகச் சக்காராவில் கட்டிய கல்லறையின் புடைப்புச் சிற்பங்களை அந்தச் சேகரிப்பின் பகுதியாக இன்றும் போலோன்யா தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.