முன்னுரிமைப் பங்கின் இலாப ஈவு: உரிமை மாறும்போது பங்குதாரர் அறிய வேண்டியவை

காஜாங் வட்டாரத்துக்கு ரப்பர் மரத்துடன் பங்கு முதலீடும் சேர்ந்தே வந்தது எனலாம். ஸ்காட்லாந்தில் பதிவு பெற்ற இன்ச் கென்னத் காஜாங் ரப்பர் நிறுவனத்தின் பெயரிலேயே நம் ஊர்ப் பெயர் அமைந்துள்ளது. அந்நாளில் பங்கு வாங்கியோர் கடலுக்கு அப்பால் இருந்தனர். பால் வெட்டியோர் இங்கிருந்தனர். 1980ஆம் ஆண்டுகளில் மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குகளை வெளியிட்டபோது, தோட்டப் பாட்டாளிகள் பலரும் தம் சேமிப்பைக் கொடுத்துப் பங்குதாரர் ஆயினர். ஆகவே, பங்கின் உரிமைகளை அறிந்துகொள்வது நமக்கும் இன்றியமையாததாகும்.

பங்குகளுள் சாதாரணப் பங்கு, முன்னுரிமைப் பங்கு என இரு வகை உண்டு. சாதாரணப் பங்கின் ஈவு ஆண்டிறுதி போனசைப் போன்றது. கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம். முன்னுரிமைப் பங்குக்கோ இத்தனை விழுக்காடு என்று பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பங்குதாரருக்கு ஈவு வழங்குமுன் அதனை வழங்கிவிட வேண்டும். ஆயினும் அது கடனுக்குரிய வட்டியன்று. இலாபம் இல்லையேல் ஈவும் இல்லை.

ஒருவர் 1,000 வெள்ளிக்கு 6 விழுக்காட்டு முன்னுரிமைப் பங்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். அவருக்குரிய ஆண்டு ஈவு 60 வெள்ளி. ரப்பர் விலை சரிந்து இரண்டு ஆண்டுகள் ஈவு வழங்கப்படவில்லை. அது நிலுவை சேரும் பங்காயின், மூன்றாம் ஆண்டில் 180 வெள்ளி கொடுத்த பின்னரே சாதாரணப் பங்குதாரருக்கு ஈவு வழங்க இயலும். நிலுவை சேராப் பங்காயின் 60 வெள்ளியே கிடைக்கும். விதியிலுள்ள ஒரு சொல்லின் வேறுபாட்டால் 120 வெள்ளி கைவிட்டுப் போகிறது.

முன்னுரிமை என்பது எழுதப்பட்ட அளவினதே. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் லங்காட் பகுதித் தோட்ட நிறுவனமான யுனைட்டெட் லங்காட் பிளாண்டேஷன்ஸ் வழக்கு இதற்குச் சான்று. 10 விழுக்காடு பெற்றுவந்த முன்னுரிமைப் பங்குதாரர் ஒருவர், மிகுந்த இலாபத்திலும் பங்கு கோரினார். இலண்டன் பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. 1914ஆம் ஆண்டின் தீர்ப்பேட்டில் பதிவான அவ்வழக்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது.

எழுத்தே உரிமையாயின், எழுத்து மாறும்போது உரிமையும் மாறும். விழுக்காட்டைக் குறைத்தல், சேர்ந்த நிலுவையைத் தள்ளுபடி செய்தல், நிலுவை சேரும் தன்மையை நீக்குதல் ஆகியவை அத்தகைய மாற்றங்கள். நிறுவனம் நொடித்துப்போகாமல் காக்கவும் இவை முன்மொழியப்படலாம். ஆதலின் எல்லா மாற்றமும் தீங்கென்று கொள்ள வேண்டியதில்லை.

எனினும், இயக்குநர்கள் தம் விருப்பப்படி இதனைச் செய்துவிட முடியாது. 2017 ஜனவரி 31இல் நடப்புக்கு வந்த 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, நிறுவனத்தின் அமைப்பு விதிகளில் இதற்கெனக் கூறப்பட்ட முறையையே பின்பற்ற வேண்டும். அவ்வாறு எதுவும் கூறப்படவில்லையெனில், அவ்வகைப் பங்குதாரரின் சம்மதம் தேவை. மொத்த வாக்குரிமையில் 75 விழுக்காட்டினர் எழுத்து மூலம் இசைய வேண்டும். அல்லது அவர்களின் தனிக் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். மாற்றத்தை எதிர்ப்போர், அவ்வகைப் பங்கின் வாக்குரிமையில் 10 விழுக்காட்டையேனும் பெற்றிருப்பின், 30 நாள்களுக்குள் நீதிமன்றத்தை நாடலாம்.

இங்கு ஒன்றைக் கருத்தில் இருத்துக. சிறப்புத் தீர்மானத்துக்கு வேண்டிய 75 விழுக்காடு, வாக்களித்தோரைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. வீட்டில் தங்கிவிட்டவரின் மௌனம் எதிர்ப்பாகக் கொள்ளப்படாது. வந்தோரின் முடிவு அவரையும் கட்டுப்படுத்தும்.

எனவே, நிறுவனத்திலிருந்து வரும் அறிவிப்பைப் பிரிக்காமல் பெட்டியில் இட்டுவிடாதீர்கள். முகவரி மாறினால் தெரிவியுங்கள். பழைய விதி யாது, புதிய விதி யாது, நிலுவை என்னவாகும் என்பவற்றை விவரமறிந்தவரிடம் கேட்டுத் தெளியுங்கள். கூட்டத்துக்குச் செல்ல இயலாவிடில், குறித்த நாளுக்குள் பதிலாளை நியமித்து உங்கள் வாக்கைச் செலுத்துங்கள்.