44-வது வரிசையில் நின்றுபோன ஃபார்முலா!

எக்செல்லில் ஃபார்முலா போட்டுவிட்டால், விடை சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம். ஹார்வர்டு பேராசிரியர்கள் இருவரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அரசுக் கடன், ஜி.டி.பி-யில் 90 சதவிகிதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவிகிதம். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோரின் 2010 ஆய்வு சொன்னது இது. அரசுச் செலவுகளை வெட்டச் சொன்ன அமெரிக்க, ஐரோப்பிய அரசியல்வாதிகள் இதையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

மசாசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அந்த விடை வரவே இல்லை. அவர் கேட்டதும், பேராசிரியர்கள் தங்கள் எக்செல் ஃபைலையே அனுப்பிவைத்தனர்.

ஃபைலைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. 30-வது வரிசை முதல் 49 வரை சராசரி எடுக்க வேண்டிய ஃபார்முலா, 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை!

இதோடு, சேர்க்கப்படாத சில ஆண்டுகளின் தரவு, சராசரி எடுத்த முறை ஆகியவற்றையும் சரிசெய்து, தன் பேராசிரியர்கள் இருவருடன் 2013-ல் அவர் வெளியிட்ட விடை... பிளஸ் 2.2 சதவிகிதம். எக்செல் தவறை ஹார்வர்டு பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால், அதிகக் கடன் இருந்தால் வளர்ச்சி குறையும் என்ற தங்கள் கருத்தில் உறுதியாக நின்றார்கள்.

ஐந்து வரிசை விடுபட்டாலும் எக்செல் ஒரு விடையைக் காட்டிவிடும். உங்கள் வீட்டு பட்ஜெட்டிலும் அப்படித்தான். ஃபார்முலா உள்ள செல்லை டபுள் க்ளிக் செய்யுங்கள்; கணக்கில் சேர்ந்த செல்களைச் சுற்றி வண்ணக் கட்டம் தெரியும். கடைசி வரிசையும் அதற்குள் இருக்கிறதா?