படி கட்டுமுன் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள்



லண்டனில் நம்மவர் பலசரக்குக் கடை நடத்தும் கட்டடங்கள் பல, நூறு வயதைத் தாண்டியவை. கீழே கடை, மேலே வீடு, இரு பக்கமும் அயலவரோடு பொதுச்சுவர். இவற்றின் தரை நம் ஊர்ச் சீமெந்துத் தரை போன்றதல்ல. மண்ணுக்கு மேலே சிறு சுவர்கள் எழுப்பி, அவற்றின்மேல் மரச் சட்டங்களை வைத்துப் பலகை அடித்திருப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம். வெளிச்சுவரின் அடியில், 9 அங்குல நீளமும் 3 அங்குல உயரமுமாக, துளைகள் உள்ள கல் ஒன்று பதித்திருக்கும். அதை எயர் பிறிக் என்பார்கள். முன்சுவரால் நுழையும் காற்று பின்சுவரால் வெளியேறி, அடியில் சேரும் ஈரத்தையும் கொண்டு போய்விடும்.

இதை அறியாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்வதே இக்கட்டுரை.

எங்கள் கடையின் பின்வாசல் நிலத்திலிருந்து 2 அடி உயரம். அங்கிருந்த மரப்படி உக்கிவிட்டது. 20 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஏறும் பையன் ஒருநாள் சறுக்கி விழப் பார்த்தான். உடனே மேசனைப் பிடித்து, சுவரோடு ஒட்டிச் சீமெந்து மேடையும் படிகளும் கட்டுவித்தோம். இரண்டே நாளில் வேலை முடிந்தது. "அண்ணை, இனி நூறு வருஷத்துக்கு அசையாது" என்றார். படி அசையவில்லைதான். பின்சுவரில் இருந்த இரண்டு எயர் பிறிக்கும் மேடைக்குள் புதைந்ததை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் பின்னறையில் காளான் மணம் வந்தது. வியாபாரிக்குரிய புத்தியோடு முதலில் பருப்பு மூட்டைகளைச் சந்தேகித்து, எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினோம். பிறகு, ஒரு தொன் அரிசி அடுக்கியிருந்த இடத்தில் பலகை பதிந்தது. கழற்றிப் பார்த்தால் சட்டத்தின் முனை சதுரம் சதுரமாக வெடித்து, விரல் பட்டதும் பொடியாகியது. சுவரில் பஞ்சு போல் வெள்ளைப் பூஞ்சணம். இதற்குப் பெயர் ட்றை றொட். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை மீறினால் இது பிடிக்க இடமுண்டு.

செலவு யார் தலையில்? எங்கள் குத்தகைப் பத்திரத்தில் திருத்த வேலை முழுவதும் குத்தகைக்காரர் பொறுப்பு என்றிருந்தது. மெல்ல மெல்ல நேர்ந்த சேதம் என்று காப்புறுதிக்காரரும் கைவிரித்தார்கள். உங்கள் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுவரோடு சேர்த்து எதையும் கட்டுமுன் கட்டட உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமும் தேவைப்படலாம்.

இனி, எப்படிக் கட்டுவது? எங்கள் அபிப்பிராயத்தில் இரும்புப் படியே மேல். அடிப்பகுதி திறந்திருப்பதால் காற்று தடைப்படாது. சீமெந்துதான் வேண்டும் என்றால், கொங்கிறீற் ஊற்றுமுன் ஒவ்வொரு எயர் பிறிக்கிலிருந்தும் 4 அங்குலக் குழாய் ஒன்றை மேடையின் வெளிப்பக்கம் வரை கொண்டுவந்து முனையில் வலை போடச் சொல்லுங்கள். குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் தரைக்கடியில் போய்ச் சேரும். ஊற்றிய பிறகு "துளைத்து விடலாம்" என்று மேசன் சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கிலாந்துக் கட்டட விதிகளின் வழிகாட்டி, வெளிச்சுவரின் ஒவ்வொரு மீற்றருக்கும் 1,500 சதுர மில்லிமீற்றர், அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 500, இவற்றில் எது கூடவோ அந்த அளவு திறப்பு வேண்டும் என்கிறது. எண்ணிக்கையில் கல் இருந்தால் போதாது, துளைகளின் பரப்பையே கணக்கிட வேண்டும்.

இன்னொன்று. சுவரில் நிலத்துக்கு மேலே 6 அங்குலமளவில் ஈரத்தடுப்புப் படை ஒன்று ஓடும். மேடை அதைத் தாண்டிச் சுவரைத் தொட்டால், மழையின் ஈரம் அதன் வழியே ஏறும். தாண்டத்தான் வேண்டும் என்றால் சுவருக்கும் மேடைக்கும் இடையே ஈரத்தடுப்புத் தாள் செருக வேண்டும்.

முன்வாசலில் சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் போடுபவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பொதுச்சுவர் உள்ள கடைக்குக் காற்று வர முன்னும் பின்னும் தவிர வேறு வழியில்லை. எலிக்குப் பயந்து துவாரத்தில் சாக்கை அடைப்பவர்களும் நம்மில் உண்டு. 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள துருப்பிடியாத கம்பிவலை போட்டால் எலியும் வராது, காற்றும் நிற்காது.

நாங்கள் மேடையை இடித்து, பழுதான சட்டங்களை வெட்டி மாற்றி, இரும்புப் படி போட்டோம். கட்டியதைவிட இடித்ததற்கே கூடுதலாகக் கொடுத்தோம். இப்போது பின்சுவரோடு குப்பைத்தொட்டியை ஒட்டி வைக்கும் பையனோடுதான் தினமும் சண்டை.